டி.எம்.எஸ். நாற்காலியில் உட்காருபவர் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை

மனச்சோர்வுக்கு இரண்டு மூன்று மருந்துகளை மாற்றிப் பார்த்தும் பலன் இல்லாதபோது மனநல மருத்துவர் டி.எம்.எஸ். (டிரான்ஸ்கிரேனியல் மேக்னெடிக் ஸ்டிமுலேஷன்) பற்றிப் பேச்செடுப்பார். தலைமேல் ஒரு காந்தச் சுருளை வைத்து வெளியிலிருந்தே மூளையின் ஒரு பகுதியைத் தூண்டுகிற சிகிச்சை இது. மயக்க மருந்து கிடையாது, அறுவை கிடையாது, முடிந்ததும் எழுந்து வேலைக்குப் போகலாம். பெரும்பாலும் இவ்வளவுதான் சொல்லப்படும்.

சொல்லாமல் விடப்படுவது ஒன்று உண்டு. மாத்திரை என்றால் யார் கையால் கொடுத்தாலும் அதே மாத்திரைதான். இது அப்படி இல்லை. சுருள் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது, எவ்வளவு வலுவில் இயக்கப்படுகிறது, எத்தனை நாள் விடாமல் நடக்கிறது என்ற மூன்றும் சரியாக இருந்தால்தான் சிகிச்சை நடந்ததாகவே கணக்கு. சிகிச்சை அறையில் நாள்தோறும் நிற்கிறவர்கள் என்ற முறையில் நாங்கள் அழுத்திச் சொல்வது இதுதான்: உங்கள் எண்களை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மாறுகிற காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். அதே விதிதான் இங்கேயும். இயந்திரத்துக்குள் இருக்கும் மின்தேக்கி, செப்புச் சுருள் வழியாகச் சட்டென்று மின்சாரத்தை வெளியேற்றும். ஒரு மில்லி விநாடியிலும் சிறு பகுதி நேரமே நீடிக்கும் காந்தத் துடிப்பு ஒன்று பிறக்கும். அதன் வலு ஒன்றரை முதல் இரண்டு டெஸ்லா, அதாவது எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் அளவு. எலும்பு அதைத் தடுப்பதில்லை. மூளையின் மேற்பரப்பில் அது மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்ட, அங்குள்ள நரம்பணுக்கள் சமிக்ஞை அனுப்புகின்றன. வழக்கமான எட்டு வடிவச் சுருள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான் எட்டும். ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரின் குழு 1985இல் இந்த முறையில் மூளையைத் தூண்டிக் கை தசையை அசைத்துக் காட்டியது. மனச்சோர்வுக்கான சிகிச்சையாக அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் அனுமதி கொடுத்தது.

மனச்சோர்வுக்குக் குறிவைக்கப்படும் இடம், இடது நெற்றிக்கு மேல் சற்றுப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறப்பகுதி. திட்டமிடல், கவனம், எண்ணங்களைக் கட்டுக்குள் வைத்தல் எல்லாம் இங்கே நடக்கும் வேலைகள். சோகத்தோடு தொடர்புடைய உள்பகுதி ஒன்று மூளையின் நடுவே ஆழத்தில் இருக்கிறது. சுருளின் புலம் அதுவரை போகாது. ஆனால் மேற்பரப்பின் இந்த இடத்துக்கும் அந்த ஆழத்துக்கும் நரம்பு வலைப்பின்னல் உண்டு. மேலே திரும்பத் திரும்பத் தட்டினால் கீழேயும் மாற்றம் வருகிறது. அதனால்தான் ஒரு நாளில் முடியாமல் வாரக்கணக்கில் நடக்கிறது.

தொடங்குவதற்கு முன் கேட்கப்படும் கேள்விப் பட்டியலைச் சடங்காக நினைத்து நிரப்பிவிடாதீர்கள். தலையிலோ கழுத்திலோ உலோகம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கேட்கும் திறனுக்காகக் காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளைக்குள் வைத்த மின்முனைகள், காந்தத்துக்கு ஈர்க்கப்படும் ரத்தக்குழாய்க் கிளிப், தலையில் தங்கிய உலோகத் துகள் ஆகியவை இருந்தால் சிகிச்சை கூடாது. பற்களில் அடைத்த சாதாரண உலோகம் பிரச்சினை இல்லை. பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி உடம்பில் இருந்தால் இதய மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. வெல்டிங், உலோகம் அரைத்தல் போன்ற வேலை செய்தவர்கள் கண்ணில் எப்போதாவது துகள் பட்டிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். பலர் மறந்தே போகிற விஷயம் அது.

இரண்டாவது, வலிப்பு. டி.எம்.எஸ். செய்யும்போது வலிப்பு வருவது மிக அரிது, ஆயிரம் நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவு. வந்தாலும் சிகிச்சையின்போதோ முடிந்த உடனேயோ வந்து தானாக நின்றுவிடும், அதன்பின் வலிப்பு நோயாகத் தொடர்வதில்லை. ஆனால் அந்த வாய்ப்பைக் கூட்டுகிற விஷயங்கள் பெரும்பாலும் நோயாளியின் வாழ்க்கையில்தான் இருக்கின்றன: முந்தைய வலிப்பு, தலையில் பலத்த அடி, பக்கவாதம், இரவு முழுக்கத் தூங்காமை, குடியை திடீரென்று நிறுத்துவது, புப்ரோபியான், க்ளோசபின் போன்ற மருந்துகள். இவற்றில் பெரும்பாலானவை சிகிச்சையைத் தடுக்காது. மருத்துவருக்குத் தெரிந்திருந்தால் அளவைப் பார்த்து வைப்பார், அவ்வளவுதான். மறைப்பதுதான் ஆபத்து. குடிப்பழக்கத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, சிகிச்சைக்காகவே குடியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு மறுநாள் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் உண்டு. நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் குடியை நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள்கள்தான் வலிப்புக்கு மிக நெருக்கமானவை.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் லோராசெபம், க்ளோனசெபம் வகை மருந்துகளைப் பற்றி வேறொரு கவலை. இவற்றைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு டி.எம்.எஸ். பலன் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சிகிச்சைக்கு முன்பே மெல்லக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் இதுவும் வலிப்பில் கொண்டுவிடும். இரு துருவ நோய் (பைபோலார்) இருப்பவர்கள், அல்லது வீட்டில் யாருக்காவது அது இருந்தவர்கள், சொல்லியே ஆக வேண்டும். மனம் தாழ்விலிருந்து எழும்போது மிகையான உற்சாகத்துக்குத் தாவிவிடக் கூடும்.

முதல் நாள் மற்ற நாள்களைவிட நீளமானது, முக்கியமானதும் அதுவே. அன்று இரண்டு விஷயங்கள் கண்டுபிடிக்கப்படும்: உங்கள் மூளைக்கு எவ்வளவு வலு தேவை, சுருளை எங்கே வைப்பது.

வலுவைக் கண்டுபிடிக்கக் கட்டைவிரலைப் பயன்படுத்துவார்கள். தலையின் இடதுபக்க நடுப்பகுதியில், வலது கையை அசைக்கும் இடத்தின் மேல் சுருளை வைப்பார்கள். சுருளின் கைப்பிடி நடுக்கோட்டிலிருந்து 45 பாகை சாய்ந்து பின்னோக்கி இருக்கும். ஒவ்வொரு துடிப்பாக விட்டு, அரை சென்டிமீட்டர் அப்படியும் இப்படியும் நகர்த்தி, கட்டைவிரல் நன்றாகத் துள்ளும் புள்ளியைத் தேடுவார்கள். பிறகு வலுவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். பத்துத் துடிப்பில் ஐந்தில் விரல் அசையும் மிகக் குறைந்த வலு எதுவோ, அதுதான் உங்கள் மோட்டார் த்ரெஷோல்டு. இயந்திரத்தின் முழுத் திறனில் இத்தனை சதவீதம் என்று அது எழுதப்படும். சிகிச்சை பொதுவாக இதில் 120 சதவீதத்தில் நடக்கும். த்ரெஷோல்டு 50 என்றால் இயந்திரம் 60இல் ஓடும். 85 என்றால் 102 தேவைப்படும், அந்த அளவுக்கு இயந்திரத்தால் போக முடியாது. அப்படிப்பட்டவருக்கு முழு அளவு கிடைக்கவில்லை என்பதை அன்றே சொல்லி, என்ன செய்வதென்று பேசிவிடுவது நேர்மை. ஒரு இயந்திரத்தின் எண் இன்னொரு இயந்திரத்துக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தச் சோதனையில் நோயாளி செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: கையை முழுக்கத் தளர்த்தி, தலையணை மேல் போட்டுவிடுவது. கை இறுகியிருந்தால் குறைந்த வலுவிலேயே விரல் அசைந்துவிடும். அளவு தாழ்வாகப் பதிவாகும், ஆறு வாரமும் குறைந்த வலுவிலேயே சிகிச்சை போய்விடும். குளிர்ந்த அறையில் தோளைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது எளிதில் நடக்கும். போர்வை கேளுங்கள். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பரிசோதிப்பவர் விரலை மட்டும் பார்க்காமல் மணிக்கட்டையும் பார்க்கிறாரா என்றும் கவனியுங்கள். முழங்கையே தூக்கிப்போடும் அளவுக்கு அசைந்தால் வலு தேவைக்கு மேல் இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது இடம். பழைய முறையில், விரல் அசைந்த புள்ளியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் முன்னால் அளந்து சுருளை வைத்துவிடுவார்கள். பெரிய தலைக்கும் சிறிய தலைக்கும் ஒரே ஐந்து சென்டிமீட்டர். பெரிய தலையில் சுருள் குறிக்குப் பின்னாலேயே நின்றுவிடும். இப்போது தலையை மூன்று திசையில் அளந்து எஃப்-3 என்ற புள்ளியைக் கணக்கிடும் முறை பரவலாக இருக்கிறது: ஒரு காதிலிருந்து மறு காதுவரை, மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை முடிச்சுவரை, பிறகு தலைச்சுற்றளவு. இதற்கு அளவு நாடாவும் பொறுமையும் போதும். எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து, கேமரா துணையோடு குறிபார்க்கும் வழிகாட்டிக் கருவியும் உண்டு. அது இருந்தால் ஒவ்வொரு நாளும் அதே இடத்துக்குத் திரும்பி வருவது எளிது. ஆனால் அது இல்லாத இடத்தில் நல்ல சிகிச்சையே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒழுங்காக அளந்து, குறித்து, தினமும் அதே குறியில் வைக்கிற கை இருந்தால் எஃப்-3 முறையிலும் நன்றாகவே நடக்கும்.

ஐந்து சென்டிமீட்டர் முறைதான் இங்கே என்று சொன்னால் மட்டும், எஃப்-3 அளந்து பார்க்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

இனி துடிப்புகளின் கணக்கு. வழக்கமான முறையில் விநாடிக்கு 10 துடிப்பு, 4 விநாடி ஓடும், 26 விநாடி நிற்கும். 75 முறை இப்படி நடந்து 3000 துடிப்பு முடிய 37 நிமிடத்துக்கு மேல் ஆகும். இடைவெளியை 11 விநாடியாகச் சுருக்கினால் 19 நிமிடத்தில் முடியும். தீட்டா பர்ஸ்ட் என்ற முறையில் மும்மூன்று துடிப்பாகக் கொத்துக் கொத்தாக வரும். 2 விநாடி ஓட்டம், 8 விநாடி ஓய்வு, மொத்தம் 600 துடிப்பு, மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். கனடாவில் 414 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வு, மூன்று நிமிட முறை 37 நிமிட முறைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. எனவே மூன்று நிமிடத்தில் எழுப்பிவிட்டால் ஏமாற்றிவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம். இடதுபக்கத் தூண்டல் தாங்க முடியாதவர்களுக்கும், வலிப்பு அச்சம் உள்ளவர்களுக்கும் வலதுபக்கம் விநாடிக்கு ஒன்று என்ற மெதுவான முறை இருக்கிறது. அதுவும் பயனுள்ள வழியே.

வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், அதாவது 30 அமர்வுகள். பிறகு மூன்று வாரத்தில் ஆறு அமர்வுகளைப் பரப்பிப் படிப்படியாக நிறுத்துவது வழக்கம். ஒன்றிரண்டு நாள் தவறினால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வருவதாக இருந்தால் தொடங்காமல் தள்ளிப்போடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. மனச்சோர்வில் இருப்பவருக்குத் தினமும் கிளம்பி வருவதே பெரிய மலை. போக்குவரத்துக்கும் துணைக்கும் ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்குவது, எந்த இயந்திரம் என்று தேடி அலைவதைவிட முக்கியம்.

நாற்காலியில் உணர்வு எப்படி இருக்கும்? மரங்கொத்தி தலையில் கொத்துவது போல என்றுதான் பலரும் சொல்வார்கள். சுருள் ஒவ்வொரு துடிப்பிலும் சத்தமாகச் சொடுக்கும். காதடைப்பான் இல்லாமல் ஒரு துடிப்புகூட வாங்கக் கூடாது. அறையில் இருக்கும் மற்றவரும் போட்டுக்கொள்ள வேண்டும். இடது புருவம் துடிக்கும், கண்ணிமை சுருங்கும், சிலருக்குப் பற்கள் ஒன்றோடொன்று மோதும். சுருளுக்குக் கீழே இருக்கும் தசையும் முக நரம்பும் சேர்ந்து தூண்டப்படுவதால் வருவது இது, மூளைக்குள் வலி எதுவும் இல்லை. முதல் வாரம் கடினமாக இருக்கும், பிறகு பெரும்பாலானோருக்குத் தலை பழகிவிடும். 120 சதவீதத்துக்கு முதல் நாளே போக வேண்டிய கட்டாயம் இல்லை. 80, 90 என்று தொடங்கி சில நாள்களில் ஏற்றலாம். வலி அதிகம் என்றால் அமர்வுக்கு அரை மணி முன்பு மருத்துவர் ஒப்புதலோடு சாதாரண வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாம். பற்கள் மோதினால் மெல்லிய பல்காப்பு, அல்லது மடித்த துணி உதவும்.

பல்லில் கூர்மையாக வலித்தால், கண்ணில் குத்தினால், பொறுத்துக்கொள்ளாதீர்கள். சுருளின் சாய்வைச் சிறிது திருப்பினாலே வலி வேறு இடத்துக்குப் போய்க் குறைந்துவிடும். ஆனால் கவனம்: வலிக்காமல் இருக்க வேண்டும் என்று சுருளைத் தலையிலிருந்து தூக்கிப் பிடிப்பது சரியான வழி அல்ல. ஒவ்வொரு மில்லிமீட்டர் இடைவெளிக்கும் புலம் வேகமாகக் குறையும். வலி நின்றதே சிகிச்சையும் நின்றதற்கு அடையாளமாக ஆகிவிடலாம். வலு எண்ணைக் குறைத்துவிட்டு, சுருளை ஒட்டியே வைத்து, பிறகு ஏற்றிக்கொண்டு வருவதுதான் முறை. தடித்த கொண்டை, கிளிப் எல்லாமே இந்த இடைவெளியைக் கூட்டும். தலைமுடியைத் தட்டையாக வாரி, காதணி, கண்ணாடி, உலோக ஹேர்பின் எல்லாம் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

நடுவில் தூங்கக் கூடாது. தூங்கினால் தலை நழுவும், குறி விலகும். தலை நழுவியதாகத் தோன்றினால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். கொட்டாவி வருகிறது, இருமல் வருகிறது என்றாலும் அப்படியே. டெக்னீஷியன் முகம் சுளிக்க மாட்டார். நழுவிய சுருளோடு முன்னூறு துடிப்பு போவதைவிட முப்பது விநாடி நிறுத்துவது யாருக்கும் இழப்பில்லை.

முதல் அமர்வுகளில் சிலருக்கு மயக்கம் வரலாம். வலிப்பைவிட இது அதிகம். வெறும் வயிற்றில் பயத்தோடு வருவதுதான் பெரும்பாலும் காரணம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். காபி குடிக்கிறவர் என்றால் வழக்கமான அளவையே குடியுங்கள், சிகிச்சை நாள்களில் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இரவு சரியாகத் தூங்கவில்லை என்றால் காலையில் வந்ததுமே சொல்லிவிடுங்கள், மருந்து மாறியிருந்தாலும் சொல்லுங்கள். மருந்து மாறினால் த்ரெஷோல்டும் மாறக்கூடும். வாரம் ஒரு முறை அதைத் திரும்ப அளப்பது நல்ல பழக்கம். அளக்காமலே ஆறு வாரம் ஓட்டுகிற இடத்தில் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: எப்போது தெரியும்? பெரும்பாலானோருக்கு முதல் இரண்டு வாரம் ஒன்றுமே தெரியாது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் மாற்றம் தொடங்குகிறது. அதுவும் மகிழ்ச்சியாக வருவதில்லை. குளிக்கப் போவதற்குமுன் இரண்டு மணி நேரம் யோசித்தவர் யோசிக்காமல் போய்விடுவார். போன் அடித்தால் எடுப்பார். வீட்டில் இருப்பவர்கள் இதை நோயாளிக்கு முன்பே கவனிப்பார்கள். சிலர் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் மனம் இன்னும் கீழே போனதாகவும், அழுகை கூடியதாகவும் சொல்வதுண்டு. அதை அன்றே சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த அமர்வு வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரையோ அவசர உதவியையோ நாடுங்கள். டி.எம்.எஸ். நிதானமாக வேலை செய்யும் சிகிச்சை, அவசரத்துக்கு ஏற்றதல்ல. உயிருக்கு ஆபத்தான நிலையிலும், இல்லாத குரல் கேட்கும் கடுமையான மனச்சோர்விலும், உணவும் நீரும் மறுத்து உறைந்துபோன நிலையிலும் மின்அதிர்ச்சிச் சிகிச்சைதான் முதலில் நினைக்கப்பட வேண்டியது.

மாற்றத்தை உணர்வை வைத்து அளக்காமல் தாளில் அளப்பது நல்லது. பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் போதும், மொத்தம் 27 மதிப்பெண். வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே நேரத்தில் நிரப்புங்கள். தொடங்கியபோது இருந்ததில் பாதியாகக் குறைந்தால் பலன் வந்திருக்கிறது, ஐந்துக்குக் கீழே போனால் நோய் தணிந்திருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்து 2012இல் வெளியான, 307 பேர் கொண்ட கண்காணிப்பு ஆய்வில், மருத்துவர் மதிப்பீட்டின்படி 58 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது, 37 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. மருந்துகள் கைவிட்ட பிறகு வந்தவர்கள் என்பதால் இது பெரிய எண்தான். ஆனால் நூறு பேரில் பலன் தெரியாத மீதி 42 பேரில் ஒருவராக நீங்கள் இருக்கலாம், அது உங்கள் குறை அல்ல.

முப்பதாவது அமர்விலும் நகரவில்லை என்றால் உடனே கைவிட வேண்டாம். த்ரெஷோல்டு எப்போது அளக்கப்பட்டது, புள்ளி சரியா, எத்தனை நாள் தவறியது, பதற்ற மருந்து எவ்வளவு, தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத்திணறல், மறைந்திருக்கும் இரு துருவ நோய் எல்லாம் பார்க்கப்பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சிலருக்கு முப்பதைத் தாண்டியும் பலன் தொடங்குகிறது. இன்னும் பத்து அமர்வுகள் தொடர்வதா, வலதுபக்கத்துக்கு மாறுவதா, வேறு சிகிச்சையா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.

ஐந்தே நாளில் முடிக்கும் துரித முறையைப் பற்றி இப்போது நிறையப் பேச்சு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் நோலன் வில்லியம்ஸ் குழு உருவாக்கியது. நாளொன்றுக்குப் பத்து அமர்வுகள், ஒவ்வொன்றிலும் 1800 துடிப்பு, இடையில் 50 நிமிட இடைவெளி, குறிவைக்க ஒவ்வொருவருக்கும் தனி எம்.ஆர்.ஐ. எஃப்.டி.ஏ. 2022இல் அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஒப்பீட்டு ஆய்வில் இருந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. நம்பிக்கை தரும் முறைதான், ஆனால் "துரிதம்" என்று விளம்பரம் செய்கிற எல்லா இடத்திலும் இதே இடைவெளியும் இதே துடிப்புக் கணக்கும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை, இடைவெளி எவ்வளவு, மொத்தத் துடிப்பு என்ன என்று மூன்று எண்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பலன் வந்த பிறகு மருந்தையும் மன ஆலோசனையையும் தொடர வேண்டும். பலன் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஓராண்டு வரையாவது அது நிலைக்கிறது, சிலருக்கு அதற்குள் சறுக்கல் வரும். முதல் முறை நன்றாகப் பலன் கண்டவர்களுக்கு மறுமுறையும் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் கடைசி நாள் கிளம்பும்போது ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள்: இயந்திரத்தின் பெயர், சுருளின் வகை, முதலும் கடைசியுமான த்ரெஷோல்டு, சிகிச்சை நடந்த சதவீதம், புள்ளியின் அளவுகள், துடிப்பு முறை, மொத்த அமர்வுகள், வாராந்திர மதிப்பெண்கள். பி.எச்.க்யூ-9 படிவத்தை மாதம் ஒரு முறையாவது நிரப்பி வாருங்கள். மதிப்பெண் தொடர்ந்து இரண்டு முறை ஏறியிருந்தால், பழைய நிலைக்கு முழுக்க இறங்கும்வரை காத்திருக்காமல் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போய்விடுங்கள்.